கம்ப்யூட்டர் கணக்கைக் காட்டுங்கள்!

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கம்பெனி கேட். ஷிப்டு மாறும் நேரம். உள்ளேயிருந்து ஒரு மினி லாரி வருகிறது. மேலே தார்ப்பாய். கடல் காற்றில் ஒரு ஓரம் தூக்கியபோது பார்த்தோம்: பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள், கனத்த கண்ணாடித் திரைகள், பின்னிக் கிடக்கும் ஒயர்கள். கேட் பாஸில் என்ன எழுதியிருந்தது? "ஸ்கிராப், இத்தனை கிலோ." அவ்வளவுதான். எந்த மிஷின், என்ன நம்பர், எப்போது வாங்கியது, யாரிடம் போகிறது, ஒன்றும் கிடையாது.

அதே நேரத்தில், அதே கேட்டில், ஷிப்டு முடித்து வந்த தொழிலாளியின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். பையைக் கவிழ்த்துச் சோதித்தார்கள். ஒரு போல்ட்டு, ஒரு நட்டு வெளியே போய்விடக் கூடாதாம்!

"கம்ப்யூட்டர் ஆபீசர்கள் சமாச்சாரம். மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அதில் என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் களத்து மேட்டில் நெல் அளக்கும்போது மரக்காலை யார் பிடிக்கிறார்கள் என்று கூலிக்காரன் பார்க்காமல் இருப்பதுண்டா? இன்று நம் வருகையை, கூலியை, ரேஷன் அரிசியை அளக்கிற மரக்கால் இந்த மிஷின்தான். அது எங்கிருந்து வந்தது, யாருடையது, சரியாக வேலை செய்கிறதா, கடைசியில் எங்கே போகிறது என்று கேட்பது நம் வேலைதான்.

ஒரு பெரிய ஸ்தாபனத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் அதற்கு ஒரு நம்பர் ஒட்டுவார்கள். பதிவேட்டில் ஏற்றுவார்கள். விலை என்ன, எந்த மேஜையில் இருக்கிறது, காரண்டி எப்போது முடிகிறது, யார் பொறுப்பு என்றெல்லாம் அதில் எழுதவேண்டும். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி மேஜைக் கம்ப்யூட்டருக்குக் கணக்கில் ஆயுள் 3 வருஷம். சர்வர் என்னும் பெரிய மிஷினுக்கு 6 வருஷம். சாதாரண ஆலை இயந்திரத்துக்கோ 15 வருஷம். ஆகவே வாங்கிய மூன்றாவது வருஷத்திலேயே கம்ப்யூட்டர் கணக்கில் ஏறக்குறைய செத்துவிடுகிறது. மேஜை மேல் அது எட்டு வருஷம், பத்து வருஷம் உழைத்துக் கொண்டிருக்கும்! மதிப்பில்லாத சாமான் என்று கணக்கு சொல்லிவிட்டால் அதைப் பராமரிக்க எவனும் காசு ஒதுக்கமாட்டான். ஒழித்துக் கட்டும்போது எவனும் கேள்வி கேட்கமாட்டான். கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது இன்றைய விவகாரம் அல்ல. 1960-களில் ரயில்வேயின் மண்டல அலுவலகங்களுக்கும் நம் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற உற்பத்திக் கூடங்களுக்கும் ஐ.பி.எம். 1401 என்ற கம்ப்யூட்டர் வந்தது. சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு இவற்றைப் போடுவதற்காக. அமெரிக்கக் கம்பெனி அந்த மிஷினை 1959-ல் வெளியிட்டது. மேல்நாட்டில் வாடிக்கைக்காரர்கள் பழசு என்று திருப்பிக் கொடுத்த 1401-களைத் துடைத்து, செப்பனிட்டு, இந்தியாவுக்குக் கொண்டுவந்து வாடகைக்கு விட்டார்கள். மிஷின் நம்முடையதல்ல, அவர்களுடையது. ஆணி கழன்றாலும் அவர்கள் ஆள்தான் வந்து பூட்டவேண்டும். தங்கள் கணக்கில் தேய்ந்து தீர்ந்துபோன சாமானுக்கு நம் கஜானாவிலிருந்து மாதம் தவறாமல் வாடகை! 1970-களில் பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழுவே இதைக் கண்டித்து எழுதியது.

1973-ல் வந்த அன்னியச் செலாவணி ஒழுங்குச் சட்டப்படி பங்கைக் குறைத்துக்கொள் என்றதும், ஒப்புக்கொள்ளாமல் 1978-ல் ஐ.பி.எம். மூட்டை கட்டியது. "இனி மிஷின்கள் நின்றுவிடும், ஆபீஸ்கள் முடங்கிவிடும்" என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. முடங்கவில்லை. சி.எம்.சி. என்ற அரசுத்துறைக் கம்பெனியின் இந்தியப் பொறியாளர்கள் அந்தப் பராமரிப்பை ஏற்று நடத்திக் காட்டினார்கள். (அந்த சி.எம்.சி.யைத்தான் 2001-ல் டாடாவுக்கு விற்றார்கள். அது தனிக் கதை.)

அதே 1960-களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டர் கொண்டுவந்தபோது, கல்கத்தா இலாகோ ஹவுஸ் வாசலில் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று பத்திரிகைகள் ஏசின. அவர்கள் கேட்டது இதுதான்: இந்த மிஷின் எத்தனை பேர் வேலையைத் தின்னும்? கேள்வி சரியானது. ஆனால் ஒன்றை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிஷின் உள்ளே வரும் நாளைப் பற்றி நம் சங்கங்கள் எவ்வளவோ பேசின. வந்த பிறகு அது எப்படி வைத்துக் காப்பாற்றப்படுகிறது என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும்? 2017 ஜூன் 27. உலகத்தின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மெர்ஸ்க். உக்ரைனில் கணக்கு எழுதுவதற்கு வைத்திருந்த ஒரு புரோகிராம் வழியாக ஒரு நாசகார வைரஸ் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது. சில மணி நேரத்தில் உலகம் பூராவும் அந்தக் கம்பெனியின் திரைகள் இருண்டன. பம்பாய்க்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திவந்த முனையம் ஸ்தம்பித்தது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காகிதத்தில் எழுதி வேலை பார்க்கும் நிலை. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக ஏற்பாடு செய்ததாகக் கம்பெனித் தலைவரே மறு வருஷம் சொன்னார். நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை!

அதற்குப் பின் 2018-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை உள்விவரங்களை வெளியிட்டது. தயாரித்த கம்பெனியே கைவிட்டுவிட்ட விண்டோஸ் 2000-ல் சில சர்வர்கள் அதுவரை ஓடிக்கொண்டிருந்தனவாம். ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஊழியர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள், பணமும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த வேலையைச் செய்தால் மேலதிகாரிகளுக்கு போனஸ் ஏறாது என்பதால் அது கிடப்பில் கிடந்ததாம்! கடைசியில் கம்பெனியைத் தூக்கிவிட்டது எது தெரியுமா? ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீசில் அந்த நேரம் கரண்ட் போயிருந்தது. அங்கிருந்த ஒரே ஒரு மிஷின் அதனால் தப்பியது. அதன் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார்கள். கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் கம்பெனியைக் காப்பாற்றியது ஒரு மின்வெட்டு!

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்ற காலம் வடசென்னைக்குத் தெரியும். சிஸ்டம் நின்றுவிட்டது என்று உள்ளே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார்கள். வெளியே டிரைவரும் கிளீனரும் லாரிக்கு அடியில் படுத்து ராப்பொழுதைக் கழிக்கிறார்கள். டிரிப்புக்குத்தான் படி; காத்திருப்புக்குக் கிடையாது. மிஷினைப் பழுதுபார்க்காதவன் ஒருவன், கூலி இழப்பவன் இன்னொருவன்.

கிராமத்திலும் இதே கதைதான். ரேஷன் கடை மிஷின் கைரேகை எடுக்கவில்லை என்றால் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போச்சு. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் செல்போன் வழியாகத்தான் வருகை எடுக்கவேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். போன் யாருடையது? பல இடங்களில் பணித்தள மேற்பார்வை செய்யும் பெண்ணின் சொந்தப் போன்! சார்ஜ் அவள் செலவு, டேட்டா அவள் செலவு. சர்க்கார் வேலைக்கு உபயோகப்பட்ட சாமான் சர்க்கார் பதிவேட்டிலேயே இல்லை. போன் உடைந்தால் யாரைக் கேட்பது?

இனி அந்தத் தார்ப்பாய் லாரிக்கு வருவோம். அது எங்கே போயிற்று?

நாம் பின்தொடர்ந்து போகவில்லை. போகவும் அவசியமில்லை. வடசென்னைச் சந்துகளில் காயலான் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து சுத்தியலால் உடைக்கிறார்கள். ஒயரைக் குவித்துக் கொளுத்தினால் மேலுறை எரிந்து செம்பு மிஞ்சும். அந்தக் கறுப்புப் புகையில் டயாக்சின் என்னும் கொடிய விஷம் இருக்கிறது. பச்சைப் பலகையை அமிலத்தில் போட்டுத் துளி தங்கம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பழைய கனத்த திரையின் கண்ணாடிக்குள் கிலோ கணக்கில் ஈயம். சில தட்டைத் திரைகளின் விளக்கில் பாதரசம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்தக் குப்பை மேடுகளில் வேலை செய்யும் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் தனியாக அறிக்கையே வெளியிட்டது. 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கு சொச்சம்தான்.

இதிலே ஒரு வேடிக்கை. பெரிய கம்பெனிகள் பழைய கம்ப்யூட்டரைத் தள்ளும்போது உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் தனியே கழற்றித் துளையிட்டு நாசம் செய்கின்றன. வியாபார ரகசியம் வெளியே போய்விடக் கூடாதே! டிஸ்க்கிலுள்ள ரகசியத்துக்கு இருக்கும் ஜாக்கிரதை, மீதியை உடைப்பவனின் நுரையீரலுக்கு இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2012 மே 1 முதலே மின்னணுக் கழிவு விதிகள் அமலில் உள்ளன. 2016-ல் மாற்றினார்கள். இப்போது இருப்பது 2022-ம் வருஷ விதிகள். 2023 ஏப்ரல் 1 முதல் அமல். கம்ப்யூட்டர், பிரிண்டர், போன், ஏர்கண்டிஷனர் என்று அட்டவணையில் உள்ள சாமான்கள் ஒரு நிதியாண்டில் 1,000 உருப்படிக்குக் குறையாமல் வைத்திருக்கும் எந்த ஸ்தாபனமும், பதிவு பெற்ற உற்பத்தியாளர், செப்பனிடுபவர் அல்லது மறுசுழற்சிக்காரரிடம்தான் கழிவை ஒப்படைக்க வேண்டும். நல்லது. ஆனால் ஆயிரம் இருக்கிறதா இல்லையா என்று எண்ணினால்தானே தெரியும்? பதிவேட்டை ஒழுங்காக எழுதாதவனுக்கு ஆயிரமும் கிடையாது, சட்டமும் கிடையாது!

இதே விதிகளில் இன்னொரு ஷரத்தும் உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பிரித்தெடுத்தல், மறுசுழற்சி வேலையில் உள்ள தொழிலாளிகளை மாநில அரசு பதிவு செய்யவேண்டும். குழுக்கள் அமைக்க உதவவேண்டும். தொழில் பயிற்சி தரவேண்டும். வருஷா வருஷம் அவர்கள் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கண்காணிக்க வேண்டும். தொழில் பேட்டைகளில் இடம் ஒதுக்கவேண்டும். நம் சந்துகளில் சுத்தியல் பிடிக்கும் எத்தனை பேர் கையில் பதிவு அட்டை இருக்கிறது?

காயலான் கடைக்காரனைப் போலீஸ் விட்டு விரட்டு என்று நாம் சொல்லவில்லை. விரட்டினால் அதே வேலை இன்னும் உள்ளே, இன்னும் இருட்டான இடத்தில் நடக்கும். செத்ததென்று தள்ளிய நாலு மிஷினிலிருந்து உயிருள்ள ஒரு மிஷினை எழுப்பிக் காட்டும் கைகள் அவை. ரிச்சி தெருவில் போய்ப் பாருங்கள். அந்தக் கைத்திறனுக்கு வெளிச்சமும் காற்றும் கையுறையும் கூலியும் வேண்டும் என்கிறோம்.

சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் பதிவேட்டை ஒர்க்ஸ் கமிட்டியின் முன், பாதுகாப்புக் கமிட்டியின் முன் வையுங்கள். புதிது வந்தால் எதற்கு, எந்த வேலைக்குப் பதில் என்று எழுதுங்கள். மிஷின் நின்ற நேரத்துக்குத் தொழிலாளியின் கூலியில் கை வைக்காதீர்கள். வெளியே போனால் கிலோவில் எழுதாமல் நம்பரில் எழுதுங்கள். வாங்கியவரின் பதிவு நம்பரோடு ரசீது காட்டுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளியைக் கொண்டு லாரியில் ஏற்றினால் அவனுக்கும் கையுறை கொடுங்கள்.

கேட்குமுன் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யாரோ ஒரு தோழர் வாங்கிக் கொடுத்தது. யார் பொறுப்பு என்று எழுதி வைக்கவில்லை. பிரதி எடுத்து வைக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் அது படுத்தது. இரண்டு வருஷச் சந்தாக் கணக்கு அதோடு போயிற்று. பழைய நீல அட்டை நோட்டில் ஒரு தோழர் பிடிவாதமாக எழுதி வந்த வரிகளை வைத்துத்தான் பாதியை மீட்டோம். அவரை அதற்கு முன் நாம் கேலி செய்திருக்கிறோம்.

செத்த திரை இன்னும் பெஞ்சுக்கு அடியில், மாநாட்டுத் தோரணங்களோடு கிடக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்து, அதே நீல அட்டை நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிப் பட்டியல் எழுதப் போகிறோம். முதல் உருப்படி: திரை ஒன்று, வாங்கிய தேதி தெரியவில்லை.