தாகத்தை அடக்கும் சகோதரிகளும் நம் பள்ளிவாசல் கதவும்

 

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில், கோடை வெயிலில், முசிறிக்கோ துறையூருக்கோ செல்லக் காத்திருக்கும் பெண்களைக் கவனியுங்கள். பையில் தண்ணீர் இருக்கும்; உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடிவிடுவார்கள். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற அச்சமே காரணம். 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட புதிய நிலையத்தில் கழிப்பறை உண்டு. ஆனால், பயணம் நிலையத்தோடு முடிந்துவிடுவதில்லையே!

இவ்வாறு அடக்குவதைப் பொறுமை என்கிறோம். பின்னர் நீர்க்கடுப்பு வந்தால் உடம்புச் சூடு என்கிறோம். இரண்டுமே தவறு.

அல்லாஹ் அமைத்த சிறுநீர்ப்பை வெறும் பை அன்று. அது நிறையும்போது சுவர் விரிந்து, தண்டுவடத்தின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. வெளியேறும் சிறுநீர், பாதையில் ஏறிவரும் கிருமிகளையும் அடித்துச் செல்கிறது. ஆணின் சிறுநீர்ப்பாதை சுமார் 20 செ.மீ. நீளம், பெண்ணுக்கோ ஏறக்குறைய 4 செ.மீ. மட்டுமே. குடலில் வாழும் ஈ.கோலை கிருமிக்கு இது மிக எளிய தூரம். ஏற்ற சூழலில் இருபது நிமிடங்களில் அது இரட்டிப்பாகும். பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர். குறைவாக நீர் அருந்தி, அடிக்கடி இத்தொற்றால் அவதியுற்ற பெண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. நாள்தோறும் 1.5 லிட்டர் கூடுதலாக அருந்தியோருக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; அருந்தாதோருக்கு 3.2 முறை. நம் சகோதரிகள் மறுத்துக்கொள்வது அந்தத் தண்ணீரைத்தான்.

மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தொழுகைக்காகக்கூட அடக்கக் கூடாத தேவையை, பெண் என்பதற்காக அடக்கச் சொல்ல நாம் யார்? பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த கிராமவாசியை நபித்தோழர்கள் தடுக்க முனைந்தபோது, இடைமறிக்க வேண்டாமென்று கூறி, அவர் முடித்தபின் அவ்விடத்தில் ஒரு வாளி நீர் ஊற்றச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். இதனைப் புகாரியில் காண்கிறோம்.

நம் நிலை என்ன? சாலையோரப் பள்ளிவாசலுக்குள் ஆண் பயணி தயக்கமின்றி நுழைகிறார். உடன்வந்த மனைவியும் மகளும் வாசலில் நிற்கிறார்கள். பெண்களுக்கென இடம் ஒதுக்கிய பள்ளிவாசல்கள் உண்டு, ஒதுக்காதவையும் எத்தனையோ! பெண்கள் பள்ளிக்கு வந்து தொழலாமா என்ற விவாதத்தை இங்கே இழுக்காதீர்கள். கழிப்பறை தொழுமிடம் அன்று.

"யார் பராமரிப்பது?" என்று நிர்வாகிகள் கேட்கலாம். இதே திருச்சியின் கல்மந்தைக் குடிசைப்பகுதியைப் பாருங்கள். கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, பொதுக் கழிப்பறையை அப்பகுதிப் பெண்களே சிறு கட்டணம் பெற்று நடத்திக் காட்டினார்கள். திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கமே அங்கு ஒழிந்ததாக 2002-இல் அறிவிக்கப்பட்டது. குடிசைவாழ் பெண்களால் முடிந்தது, மினாராவை உயர்த்த இலட்சங்கள் திரட்டும் ஜமாஅத்துகளால் முடியாதா?

தனி வாசல், தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, "பெண்களுக்கு" என்றொரு பலகை: இவை போதும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதனைக் கேளுங்கள். சகோதரிகளே, நீங்களும் தாகத்தை அடக்காதீர்கள்; எரிச்சலோ காய்ச்சலோ கண்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தாகத்தோடு நம் வாசலைக் கடந்து சென்றவர்களைப் பற்றி நாளை விசாரிக்கப்பட்டால், நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

அல்லாஹ் நமக்கு நல்லுணர்வைத் தருவானாக!