கேரவனில் கரண்டுக்கும் பட்ஜெட் போடுங்கப்பா!

பி.காம் படிக்கிறவனுக்குக் கரண்ட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். இதுவும் வரவு செலவு விஷயம்தான் :-)

போன டிசம்பரில் விருத்தாசலத்திலிருந்து குடும்பத்தோடு ஏற்காடு போனோம். மாமா பிடித்து வந்தது படுக்கை, டிவி, ப்ளக் பாயிண்ட் எல்லாம் வைத்த வேன். சினிமாக்காரர்கள் கேரவனுக்குச் சின்னத் தம்பி மாதிரி. ராத்திரி இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு படம் பார்த்தோம். எல்லார் போனும் சார்ஜில். இரண்டு மணிக்குக் குளிரில் தாத்தாவுக்கு வீசிங் வந்துவிட்டது. நெபுலைசரைச் சொருகினால், இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு அணைந்தே போனது. இன்ஜினும் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டுக்கும் ஒரே பேட்டரியாம்! எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் ஹாலில் வைத்துத்தான் மருந்து கொடுத்தோம். அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால்...?

ஊருக்கு வந்ததும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

வரவு: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1200 வாட்-மணி. ஆனால் சாதாரண லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். பேங்க் மினிமம் பேலன்ஸ் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 600 தான்.

செலவு: 20 வாட் ஃபேன் 8 மணி நேரத்துக்கு 160. 60 வாட் டிவி 5 மணி நேரத்துக்கு 300. ஆறு போனுக்கு 90. அவ்வளவுதான், 550 போச்சு. இன்வெர்ட்டர் வேறு தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். தாத்தாவின் நெபுலைசர் 120 வாட், கால் மணி நேரத்துக்கு வெறும் 30 தான். அந்த 30-ஐ நாங்கள் ஒதுக்கி வைக்கவில்லை. (ஒரு டன் ஏசி போட்டால் 600-ம் முக்கால் மணிக்குள் காலி!)

எங்கள் ஊரில் பீங்கானில் ஃபியூஸ் செய்வார்கள். ஓவர்லோடு ஆனால் அது காப்பாற்றும். பேட்டரி தீர்ந்துபோவதை எந்த ஃபியூஸும் தடுக்காது.

அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிகள் நிற்கும் இடத்தில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று தனித்தனி ப்ளக் பாயிண்ட் இருக்கும். கேரளாவும் 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தது. நம் ஊரிலும் இப்படி வண்டி எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாடகைக்கு விடுகிறவர் எத்தனை சீட் என்று சொல்கிறாரே தவிர, எத்தனை வாட்-மணி என்று சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், பில்லிலேயே அதை எழுதித் தர வேண்டும். உள்ளே ஓடுகிற சாமான்களுக்குத் தனி பேட்டரி கட்டாயம் இருக்க வேண்டும்.

நம் பங்குக்கு ஒன்றே ஒன்று: கிளம்பும் முன் மருந்துக்கான கரண்டை முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்தில்தான் சினிமா.

பி.கு: தாத்தா இப்போது நலம். அடுத்த டூருக்கு நோட்டும் பேனாவும் அவர் கையில்தான் இருக்குமாம்!