குப்பை யாருடைய வேலிக்குப் பின்னால்?

2025 மே 6 இல் தேர்தல் நடக்கும் வரை, இரண்டு வருடங்களுக்கும் மேலாக எமது உள்ளூராட்சி மன்றங்களில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வகித்தார்கள். இப்போது கேள்வி கேட்பதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முதலில் குப்பையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பேன்.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, சேகரிக்கப்படும் குப்பை சபையின் சொத்து. அகற்றுவதும் சபையின் கடமை. ஆனால் அதற்கான அதிகாரங்கள் வேறு கைகளில் உள்ளன. அரச காணி வேண்டுமென்றால் பிரதேச செயலகம், காணித் திணைக்களம் எனக் கோப்பு அலையும். நிரந்தர ஆளணியைக் கூட்டுவதற்குக் கொழும்பிலுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. உரிமையாளர் புலம்பெயர்ந்த வீடுகளிலும், போரில் இடிந்து கிடக்கும் வளவுகளிலும் வரி அறவிடுவது இலகுவல்ல.

ஆகவே கேட்க ஆளில்லை என்று கருதப்படும் வெளிகளில் கொட்டுவதே வழமையாகிவிட்டது. யாழ். மாநகரக் குப்பை போகும் கல்லுண்டாயில் இன்று காணியற்ற குடும்பங்களின் குடியேற்றமும் இருக்கிறது. மேடு தீப்பற்றினால் புகை முதலில் அவர்களிடமே போகிறது. பலதடவை இடம்பெயர்ந்த மக்களுக்கு மீள்குடியேற்றம் என்பது இதுவாக இருக்க முடியாது.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அம்பாறை பள்ளக்காட்டில் யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று மடிகின்றன. குடாநாட்டில் ஆபத்து இப்படிச் சத்தத்தோடு வராது. எமக்கு வற்றாத ஆறு இல்லை, கிணறுதான் கதி. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் இறங்கும் வழியாலேயே குப்பையின் கழிவுநீரும் இறங்கும்.

தீர்வு புதிதல்ல. இலங்கையில் சேரும் குப்பையில் பாதிக்கும் மேல் உக்கக்கூடியது. அதைப் பிரித்துப் பசளையாக்கினாலே மேடு வளரும் வேகம் பாதியாகும். ஆனால் தரம்பிரித்துக் கொடுத்த இரண்டு பைகளும் ஒரே உழவு இயந்திரப் பெட்டிக்குள் விழுவதைக் கண்டவர் மறுமுறை பிரிக்கமாட்டார். மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று சொல்வதற்கு முன் சபைகள் அந்தப் பெட்டியை இரண்டாகப் பிரிக்கட்டும்.

உங்கள் வட்டார உறுப்பினரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். எங்கள் குப்பை எங்கே போகிறது? பிரித்த குப்பை பிரித்தபடியே போகிறதா? மேட்டுக்கு அருகிலுள்ள கிணறுகளின் நீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? பதில்களை எழுத்தில் கேளுங்கள். 2016 இல் நிறைவேறிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமது கையில் இருக்கிறது.