மீன் சினையும் ஹோம்புஷ் சேறும்

பரமட்டா ஆற்றில தூண்டில் போடப் போற தம்பிமாருக்காக இதை எழுதுறன். புதுசா வந்தவை, வேலை அனுமதி இல்லாதவை பொழுதுபோக்குக்கு மட்டும் மீன் பிடிக்கிறேல்லை, கறிக்கும்தான்.

ஹோம்புஷ் குடாவின் கரையில, ரோட்ஸ் பக்கம், யூனியன் கார்பைட் களைநாசினி செய்தது. 1984 இல் போபாலைக் கொன்ற அதே பேர்தான். வியட்நாமில தெளிச்ச 'ஏஜென்ட் ஒரேஞ்ச்' கலவையில இருந்த 2,4,5-ரீ இங்கயும் உற்பத்தியானது. அதோட சேர்ந்து பிறக்கிற கழிவுதான் டயொக்சின். அது குடாச் சேற்றில படிஞ்சுது. பிறகு ஒரு பகுதியைத் துப்புரவாக்கி மாடிவீடுகள் கட்டிப்போட்டினம். ஆனால் 2006 இல் சிட்னித் துறைமுகத்தில வியாபார மீன்பிடியை முழுசா நிப்பாட்டினது இந்த டயொக்சினாலதான். பாலத்துக்கு மேற்கே பிடிக்கிற மீனைச் சாப்பிடவே வேண்டாம், கிழக்கே எண்டால் பொதுவா மாதத்துக்கு 150 கிராம். இதுதான் அரசாங்கத்தின்ர ஆலோசனை.

எங்களுக்கு ஆலோசனை சொல்லியாச்சு. மீனுக்கு ஆர் சொல்லுறது?

யாழ் பல்கலைக்கழகத்தில இரண்டு வருசம் விலங்கியல் படிச்சதோட நிண்டவன் நான். இப்ப ரெஸ்ரோரன்ட் கிச்சினில மீன் வெட்டுறன். டயொக்சின் கொழுப்பில தங்குற சாமான். தாய்மீன் சினைக்குக் கொழுப்பைக் குடுக்கேக்க நஞ்சும் சேர்ந்து போகும். வட அமெரிக்காவின் ஒன்ராறியோ ஏரியில லேக் ட்ரவுட் எண்ட மீனின்ர குஞ்சுகள் தப்பாமல் போனதுக்கு இதை ஒரு பெரிய காரணமாச் சொல்லுகினம். சினைமீன் எண்டால் உயிரை விடுற எங்கட சனம் இதைக் கொஞ்சம் யோசிக்கவேணும்.

பழைய பக்டரி மட்டும் காரணமில்லை. மேற்கு சிட்னியில கழிவுநீர் கலக்கிற சவுத் கிரீக்கில கம்பூசியா எண்ட சின்ன மீனை ஆராய்ஞ்சு 1999 இல் எழுதினவை. ஆண்மீன்களின்ர இனப்பெருக்கத் துடுப்பு சிறுத்துப் போயிருந்தது. கனடாவில ஒரு சின்ன ஏரிக்குள்ள 2001 தொடக்கம் 2003 வரை கருத்தடை மாத்திரையில இருக்கிற ஹோர்மோனை வேணுமெண்டே கலந்து பாத்தினம். ஒரு லீற்றருக்கு 5, 6 நனோகிராம்தான். ஆண்மீன்களின்ர உடம்பில முட்டைக்கரு புரதம் ஊறினது. பட்ஹெட் மினோ எண்ட மீனினம் அந்த ஏரியில கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு.

ஆனால் கலக்கிறதை நிப்பாட்டினபிறகு அந்த மீன் திரும்பப் பெருகினது. என்ர கதை இதிலதான் நிக்குது. வாறதை அடைச்சால் தண்ணி தேறும். "சாப்பிடாதே" எண்டு போர்டு போடுறது லேசான வேலை, பாரம் முழுக்கத் தூண்டில்காரன்ர தலையில போகும். கழிவுநீரைக் கூடுதலாச் சுத்திகரிக்கிறது செலவான வேலை. அந்தச் செலவை ஏன் செய்யேல்லை எண்டு எலெக்சனில வோட்டுக் கேட்டு வாறவையைக் கேக்கவேணும். வோட்டு இருக்கிற எங்கட ஆக்கள் கோயில் காணிக்கு மட்டும் எம்.பி.மாரைப் பிடிச்சால் போதாது.

மிஞ்சின மருந்துகளை சிங்கில ஊத்தாதேங்கோ. பார்மசியில குடுத்தால் காசில்லாமல் எடுப்பினம். பாலத்துக்கு மேற்கே தூண்டில் போடுறவை, பிடிச்சதைத் திருப்பி விடுங்கோ. கறிக்கெண்டால் வெளிக்கடல் மீனைப் பாருங்கோ.