புல்லி கடைசியில் வரட்டும்

ஃபோர்டு கம்பெனி 2003, 2004ஆம் வருஷத்து மாடல்களாக அமெரிக்காவில் விற்ற மஸ்டாங் கோப்ரா என்ற காரை, இருபது வருஷங்கள் கடந்த பின்னும் பிள்ளையைப் போலப் பேணி ஓட்டுகிறவர்கள் அந்த நாட்டில் அநேகர். சூப்பர்சார்ஜர் பொருத்தப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அந்தக் கார், 4.6 லிட்டர் என்ஜினிலிருந்து 390 குதிரைசக்தியைத் தந்தது. அவ்வளவு சக்தி கைவசம் இருந்தும், அதை வாங்குகிறவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, இன்னும் எவ்வளவு கூட்டலாம் என்பதுதான். அந்த ஆசையில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், அதாவது முதலில் சூப்பர்சார்ஜரின் புல்லியை மாற்று என்ற யோசனை, செய்ய வேண்டிய வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

என்ஜின் தானாக உறிஞ்சக்கூடிய காற்றைவிட அதிகமான காற்றை அதற்குள் பலவந்தமாகத் தள்ளுவதே சூப்பர்சார்ஜரின் வேலை. கோப்ராவில் உள்ள ஈட்டன் எம்-112, ரூட்ஸ் என்ற வகையைச் சேர்ந்தது. இந்தியானா மாகாணத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள், மோட்டார் கார் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1860இல் காப்புரிமை பெற்ற காற்று யந்திரத்தின் வம்சம் அது. என்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றுகிறது. ஆகவே சூப்பர்சார்ஜரின் மேல் உள்ள புல்லியைச் சிறியதாக மாற்றினால், அதே என்ஜின் வேகத்தில் அது கூடுதலாகச் சுழன்று, கூடுதலாகக் காற்றைத் தள்ளும். செலவு சொற்பம், வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும், மிதித்த மறுகணமே பலன் முதுகில் தெரியும். இத்தனை அனுகூலங்களும் ஒருங்கே சேர்ந்திருப்பதால்தான் அந்தச் சிறு உலோகச் சக்கரம் இவ்வளவு பெரிய சபலமாகிறது.

அது மறைத்துவைக்கும் விலை உஷ்ணம். காற்றை அமுக்கினால் அது சூடேறும் என்பது சைக்கிள் பம்பைக் கையாண்ட எவருக்கும் தெரிந்ததே. கோப்ராவின் தொழிற்சாலை பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தம், சதுர அங்குலத்துக்குச் சுமார் 8 ராத்தல். வெளிக்காற்று 30 டிகிரி செல்ஷியஸாக இருக்கும் நாளில், ரூட்ஸ் யந்திரத்தின் திறனை 55 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், சூப்பர்சார்ஜரை விட்டு வெளியேறும் காற்று சுமார் 100 டிகிரியில் இருக்கும். புல்லியைச் சுருக்கி அந்த அழுத்தத்தை 14 ராத்தலாக்கினால், திறன் சற்றும் குறையாது என்று தாராளமாக எண்ணிக்கொண்டாலும், அது 145 டிகிரியை எட்டும். உண்மையில் யந்திரம் வேகமாகச் சுழலச் சுழலத் திறனும் சரிகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே பெல்ட்டின் வழியே நாம் செலுத்திய சக்தியில் ஒரு பகுதி, அதிகக் காற்றாக மாறாமல் வெறும் வெப்பமாக விரயமாகிறது. அதைவிடக் கொடியது, மிகச் சூடான கலவை தீப்பொறி மூட்டிய ஜ்வாலை வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கும் நாக்கிங் என்ற வியாதி. பிஸ்டனைச் சம்மட்டி கொண்டு தாக்குவதற்குச் சமானமான அந்த வியாதி, சில விநாடிகளிலேயே ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான என்ஜினைக் குப்பையாக்க வல்லது.

இந்த வெப்பத்தைத் தணிக்கவே சூப்பர்சார்ஜருக்கு அடியில் தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் ஒன்று உண்டு. அந்தத் தண்ணீர் காரின் மூக்கில் உள்ள தனி ரேடியேட்டருக்குச் சென்று ஆறித் திரும்புகிறது. முதல் டாலரை இங்கே செலவிட வேண்டும் என்பேன். பெரிய ரேடியேட்டர், வலுவான தண்ணீர்ப் பம்பு ஆகிய இரண்டும், பூஸ்ட்டை ஒரு ராத்தல்கூட உயர்த்தாமலே, ஏற்கெனவே உள்ள சக்தி நண்பகல் வெயிலிலும் குன்றாமல் நிற்கும்படி செய்கின்றன. டைனோ என்ற, சக்தியை அளக்கும் யந்திரத்தில் எடுத்த காகிதத்தைக் காட்டிப் பெருமைப்படுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். அங்கே பானட்டைத் திறந்துவைத்து, எதிரே பெரிய மின்விசிறியைச் சுழலவிட்டு, சில விநாடிகள் மாத்திரமே ஓட்டி எடுத்த எண் அது. ஆகஸ்டு மாதத்துச் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று வெந்துபோன என்ஜின் அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்காது.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் ஈடுகொடுக்குமா என்று பார்த்து, அவரவர் ஊர்ப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் ஆக்டேனுக்கு ஏற்ப என்ஜினின் கம்ப்யூட்டரை டியூன் செய்யாமல் புல்லியைத் தொடுவது அவிவேகம். கலிஃபோர்னியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் உயர்தரப் பெட்ரோல் 91. கிழக்கு மாகாணங்களில் 93 கிடைக்கிறது. கிழக்கில் சரியான டியூன் கலிஃபோர்னியாவில் ஆபத்தாகலாம்.

அந்தக் காரின் பூர்வகதையே என் கட்சிக்குச் சாட்சி. 1999ஆம் வருஷத்துக் கோப்ரா 320 குதிரைசக்தி என்று விளம்பரம் செய்யப்பட்டது. வாங்கியவர்கள் அளந்து பார்த்தபோது அது குறைந்திருக்கவே, ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களைத் திருப்பி அழைத்துத் திருத்திக் கொடுக்க நேர்ந்தது. அந்த அவமானத்துக்குப் பின், ஜான் கொலெட்டியின் தலைமையில் 2003 காரை உருவாக்கிய பொறியாளர்கள், அலுமினிய பிளாக்கைத் தள்ளிவிட்டு, எடை கூடினாலும் பாதகமில்லை என்று வார்ப்பிரும்பு பிளாக்கைத் தேர்ந்தார்கள். கனெக்டிங் ராடுகளையும் பிஸ்டன்களையும் அடித்து உருவாக்கிய உலோகத்தில் அமைத்தார்கள். 390 என்ற எண் அந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்பது. தொழிற்சாலையே அஸ்திவாரத்தை முதலில் போட்டிருக்கும்போது, அதன் மேல் மாடி கட்டுகிறவர் மாத்திரம் வேறு நியாயம் பேசலாகாது.

இனி, நிறுத்துவதைப் பற்றி. ஏறத்தாழ 1,660 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்வதற்குப் பதிலாக 140இல் சென்றால், வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. பிரேக் விழுங்க வேண்டிய சக்தியோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடுகிறது. பிரேக் திரவம் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சுபாவம் உடையது. பழைய திரவம் சூட்டில் கொதித்தால் மிதி தரையோடு அமுங்கும், கார் நிற்காது. புதிய திரவமும் நல்ல பேடுகளும் புல்லியைப் போலவே சொற்பச் செலவுதான், ஆயினும் அவற்றைப் பற்றி யாரும் நண்பரிடம் பெருமையடித்துக்கொள்வதில்லை. சாலையில் எதிரே வருகிறவருக்கும், ஓரமாக நடந்து போகிறவருக்கும் நம் குதிரைசக்தியால் யாதொரு பயனுமில்லை. நம் பிரேக்கால் உண்டு. டயரும் அவ்விதமே: பல வருஷம் நின்று இறுகிப்போன ரப்பருக்கு 390ஐயே சாலையில் ஊன்றும் வலு இராது.

ஆகவே புல்லியை வாங்கிவிட்டவர் அதைப் பெட்டியிலேயே ஒரு கோடைகாலம் வைத்திருக்கட்டும். ரேடியேட்டரையும் பிரேக்கையும் டயரையும் சரிசெய்த பின், அந்தக் கோடையின் மிக உஷ்ணமான நாட்களில், நெரிசலில் நின்று புறப்பட்டபோது என்ஜினுக்குள் சென்ற காற்று எத்தனை டிகிரி இருந்தது என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துவரட்டும். எவ்வளவு சிறிய புல்லியை அந்தக் கார் தாங்கும் என்பதை அந்த நோட்டைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.