பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

நம்ம பத்திரிகைகளில் வீடியோ கேம் என்றால் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் வரும். ஒன்று, போலீஸ் செய்தி. இன்னொன்று, மனநல மருத்துவர் பேட்டி. வெள்ளிக்கிழமை ரிலீஸாகிற மொக்கைப் படத்துக்குக்கூட உட்கார்ந்து விமர்சனம் எழுதுகிறோம். வீட்டுப் பிள்ளை ராத்திரி பகலாக ஆடுகிற ஆட்டம் நல்லதா, மட்டமா என்று சொல்ல மட்டும் ஆளில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'ஒழிக' என்று எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது!

கோவில்பட்டிக்காரர்களும் இதையே செய்வதுதான் தாங்க முடியவில்லை. அது ஹாக்கி ஊர். லட்சுமி அம்மாள் நினைவு ஹாக்கிப் போட்டி நடக்கும்போது, பெனால்டி கார்னரில் பந்தை நிறுத்தத் தவறியது யார், கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று டீக்கடையில் பிரித்து மேய்வார்கள். அதே பெரியவர் பேரன் கையில் போனைப் பார்த்ததும், "எந்நேரமும் கேமு" என்று முடித்துவிடுவார். எந்த கேம் என்று கேட்க மாட்டார். அதுதான் முக்கியமான கேள்வி அண்ணாச்சி!

நானும் ஆடுகிறவன்தான். என் மார்க்கைச் சொல்கிறேன்.

சூப்பர் மரியோ (1985): 90. பள்ளத்தில் விழுந்தால் தப்பு நம்முடையது. அடுத்த தடவை அரை விநாடி முன்னால் குதித்தால் தாண்டிவிடலாம்.

கான்ட்ரா: 75. தனியாக ஆடினால் சாவு. இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் சிநேகம்.

நோக்கியா பாம்பு (1997): 80. தின்னத் தின்ன வால் நீளும். கடைசியில் நம்ம வாலே நமக்கு எமன்.

வெண்பா (2023): 85. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய, அழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி, புட்டு செய்வதுதான் ஆட்டம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். துப்பாக்கி கிடையாது. 2024-ல் பாஃப்டா விருது வாங்கியது. சீக்கிரம் முடிந்துவிடுவது ஒன்றுதான் குறை.

இதெல்லாம் ஒரு தடவை காசு கொடுத்தால் தீர்ந்த கணக்கு. இனிமேல்தான் விஷயமே.

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் ரகம். ஆட்டத்துக்கு மட்டும் 70 போடுவேன். வட்டம் சுருங்கச் சுருங்கப் பதற்றம் ஏறுகிறதே, அது அசல் மூளை. ஆனால், இலவசம் என்கிறார்கள். பி.காம். படித்தவனுக்கு இலவசம் என்றாலே உறுத்தும். வரவு எங்கிருந்து? துப்பாக்கிக்குப் பெயின்ட், பொம்மைக்குச் சட்டை. அதையும் பல சமயம் நேராக விற்பதில்லை. பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். காசு கட்டித் திறக்கும்வரை உள்ளே என்ன என்று தெரியாது. பிடித்தது வரவில்லையா, இன்னொரு பெட்டி!

கோவில்பட்டியும் பெட்டி விற்கிற ஊர்தான். தீப்பெட்டி. 14 வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. உள்ளே எத்தனை குச்சி என்று மேலேயே அச்சடித்திருக்கும். 'திறந்து பாரு, அதிர்ஷ்டம் இருந்தா குச்சி இருக்கும்' என்று விற்றால் வாங்குவோமா? கடைக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிட மாட்டோமா?

சட்டம் என்ன செய்கிறது? 2020-ல் பப்ஜிக்குத் தடை. பிள்ளைகள் பாக்கெட்டை நினைத்து அல்ல, நாட்டின் பாதுகாப்பை நினைத்து. 2021-ல் வேறு பெயரில் திரும்பி வந்தது. பெட்டியும் கூடவே வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நல்லது, காசு வைத்து ஆடும் ரம்மிக்கு நான் மார்க்கே போட மாட்டேன். அது ஆட்டம் இல்லை, கல்லாப்பெட்டி. ஆனால், பெரியவர்களின் சூதாட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு, பத்து வயதுப் பையன் திறக்கிற பெட்டி தெரியவில்லையே! பெல்ஜியம் 2018-லேயே அதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

மழையை நம்பி மானாவாரியில் விதைக்கிற கரிசல்காரருக்குச் சூது பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவருக்கு வேறு வழியில்லை. பேரனுக்கு அப்படியா?

போனைப் பிடுங்காதீர்கள் அண்ணாச்சி. பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் போனில் ஆடுவான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பாருங்கள். அப்புறம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதுல எந்த இடத்துலடா காசு கேக்குது?"