வெளியேறியோருக்கு இழப்பீடு; உழைத்தோருக்கு வெளியேற்றம்

1947 ஏப்ரல் 30 அன்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லி நாடாளுமன்றத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதிகார மாற்றத்தால் இடையிலேயே பதவி இழக்கும் ஐ.சி.எஸ். உள்ளிட்ட உயர்பணி ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இழப்பீடு வழங்கப்படும் என்பதே அது. அச்சுமையைத் தாங்க இந்தியத் தலைவர்கள் மறுத்தனர். உள்துறைப் பொறுப்பிலிருந்த படேலும் இதில் உறுதியாக நின்றார். இறுதியில் லண்டன் கஜானாவே அதை ஏற்றது. அதுவே நியாயம்.

ஆனால் ஓய்வூதியச் சுமை இந்தியாவின் தோளிலேயே தங்கியது. 1948 ஜூலை ஸ்டெர்லிங் ஒப்பந்தத்தின்படி மத்திய, மாகாண ஓய்வூதியங்களுக்கென ஏறத்தாழ 16.8 கோடி பவுண்டை இந்தியா மொத்தமாக அளித்தது. போர்க்காலத்தில் இந்தியாவிடம் பெற்ற பொருள்களுக்கும் சேவைகளுக்கும் லண்டன் தரவேண்டியிருந்த நிலுவையிலிருந்தே இத்தொகை கழிக்கப்பட்டது. அந்நிலுவை குவிந்த ஆண்டுகளில்தான் வங்கப் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் குடித்தது. போதாக்குறைக்கு, இந்திய ஐ.சி.எஸ். அதிகாரிகளின் ஊதியத்துக்கும் உரிமைகளுக்கும் அரசியல் சட்டத்தின் 314ஆம் பிரிவு காவல் நின்றது. 1972இல்தான் அது நீக்கப்பட்டது.

ஏகாதிபத்தியத்தை எதிர்த்தோருக்குக் கிடைத்தது என்ன? 1946 பிப்ரவரி 18 அன்று மும்பையில் ‘தல்வார்’ கடற்படைத் தளத்தின் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்கு ஆதரவாகப் பரேல், லால்பாக் ஆலைத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கான மாலுமிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். விடுதலை பெற்ற இந்தியாவின் கடற்படை அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் பின்னர் அவர்களுக்கும் விரிந்தபோது, பலரின் இளமை கரைந்து போயிருந்தது.

கொடுத்த வாக்கைக் காப்பது நாகரிக அரசின் கடமை என்று ஆளும் வர்க்கம் சொல்லும். ஏற்கலாம். அரசியல் முடிவால் பிழைப்பை இழப்பவனுக்கு அரசு ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் சரியே. அக்கோட்பாடு கோட்டு அணிந்தவர்களோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

இன்று தாராவியைப் பாருங்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டோரும், கும்பார்வாடாவில் மண் பிசைந்தோரும் சதுப்பு நிலத்தை நகரமாக்கினர். அதானி குழுமம் 80 சதவீதப் பங்கு வைத்திருக்கும் மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத்தான் தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. மாடியில் வாடகைக்கு இருப்போரும் பின்னர் வந்தோரும் தாராவிக்கு வெளியே அனுப்பப்படுவர். பட்டறையோடு பிணைந்த பிழைப்பு அறுந்தால் அதற்கு ஈடு எங்கே?

நாட்டைச் சுரண்டிய ஆட்சியின் அதிகாரிகளிடம் காட்டிய கண்ணியத்தை, நகரைக் கட்டியெழுப்பிய உழைப்பாளிகளிடமும் அரசு காட்டட்டும். தகுதிப் பட்டியலின் பெயரால் எவரையும் விலக்காமல், அனைவருக்கும் தாராவியிலேயே வீடும் தொழிலிடமும் வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை.